ஹெரால்டுக்கு சீட் பெல்ட் போட்டால் ஒரிஜினல் கெட்டுவிடுமா?

கேள்வி, 3 பிப்ரவரி 2024 (ஈரோட்டிலிருந்து ஒருவர்)

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 1969. எட்டு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்ததை இப்போது கிளப்புகிறேன். மச்சான் ஒரு பட்டியலோடு வந்து நிற்கிறார்: சீட் பெல்ட், முன்பக்கம் டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், ஆல்டர்னேட்டர், ஹாலஜன். என் கட்சி இதுதான்: 1969-இல் அதில் என்ன இருந்ததோ அதுதான் இருக்க வேண்டும். பாதுகாப்பாகப் போக வேண்டுமென்றால் வீட்டில் வேறு வண்டி நிற்கிறது. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

4 பிப்ரவரி 2024

மறுக்கிறேன். என்னிடமும் அதே வண்டிதான், 1968. கோயம்புத்தூர். மாமா 1983-இல் ஒரு டாக்டரிடம் வாங்கினார். 2011-இல் அவருக்குக் கண் மங்கியதும் சாவி என் கைக்கு வந்தது. வாரம் ஒருமுறை எடுக்கிறேன், கண்காட்சிக்கு அல்ல, காய்கறிக்கு.

உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. 1969-இல் வண்டியில் என்ன இருந்தது என்பது இருக்கட்டும், ரோட்டில் என்ன இருந்தது? எதிரே வந்தது இன்னொரு ஹெரால்டு, ஒரு ஃபியட், ஒரு அம்பாசடர், இல்லையென்றால் மாட்டு வண்டி. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பிரேக். நம்முடையது 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை நிமிடம் ஆகும். இன்று நீங்கள் பெருந்துறையில் ஏறப்போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவன் நூறில் போகிறான். அவன் பிரேக்கை மிதித்து நின்ற பிறகும் நாம் உருண்டுகொண்டிருப்போம். நிற்க முடியாத நம்மைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதற்காக மச்சானின் பட்டியலையும் ஒப்புக்கொள்ளவில்லை. மச்சான்களுக்குப் பட்டியல் போடுவது எளிது, பில் நமக்கு.

முதலில் டயர். எட்டு வருடம் நின்ற டயரில் பட்டன் நன்றாகத் தெரிகிறது என்று ஓட்டாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2022-இல் ஒரு கடைக்காரர் எனக்கு "புதுசு" என்று உருட்டிக் காட்டியதில் 2315 என்று இருந்தது. 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஏழு வயதுப் புதுசு.

நம் வண்டிக்கு வந்தது 5.20-13 கிராஸ்பிளை, உள்நூல் குறுக்குமறுக்காக ஓடும் பழைய ரக டயர். ரேடியல் போட்டால் தாராளமாகப் போடுங்கள், தார் ரோட்டைப் பிடிப்பது வேறு ரகம். ஆனால் போட்டால் நான்கிலும் போட வேண்டும். காசு மிச்சம் என்று முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் பழைய கிராஸ்பிளை என்று ஓட்டினால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் விட்டுவிடும்.

5 பிப்ரவரி 2024

சீட் பெல்ட்தான் கேள்வியே, அதைச் சொல்லாமல் டயரில் போய்விட்டேன்.

நான் போட்டிருக்கிறேன். முன்னால் இரண்டு, மூன்று முனை, தானாகச் சுருட்டிக்கொள்ளும் சுருள் இல்லாத பழைய மாதிரி. மூன்று முனை பெல்ட்டே 1959-இல் வால்வோவில் வந்துவிட்டது. ஹெரால்டு இங்கிலாந்தில் வெளியானதும் அதே 1959. ஆக, வயதில் இரண்டும் ஒரே செட்டு. ஹெரால்டை வரைந்தவர்களுக்கும் மோதல் பற்றிய நினைப்பு இல்லாமல் இல்லை. ஸ்டீயரிங் தண்டைப் பாருங்கள், முன்பின் நகர்த்தும்படியும், மோதினால் உள்ளே சுருங்கும்படியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆனால் பெல்ட்டை எதில் பூட்டுவது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஹெரால்டுக்கு சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடி துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. தரைத்தகடு துருப்பிடிக்கும், அதன்மேல் யாரோ பட்டி போட்டு பெயின்ட் அடித்திருப்பார்கள். என் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், வீட்டுத் தரை தெரிந்தது. அதில் பெல்ட்டைப் பூட்டியிருந்தால் மோதும்போது பெல்ட்டும் நானும் சேர்ந்தே கண்ணாடியைப் போய்ப் பார்த்திருப்போம். தகடு புதிதாக வெட்டி வைத்து, அடியில் தடித்த பிளேட் கொடுத்து, அப்புறம்தான் போல்ட். நடுத்தூணிலும் அப்படியே, உள்ளே ஒரு தகடு வைத்துத்தான்.

ஒரிஜினல் கெட்டதா? நான்கு போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

5 பிப்ரவரி 2024, இரவு

நான்கு அல்ல, ஆறு. ஆளுக்கு மூன்று. கணக்கு வாத்தியார் மகன் நான்.

9 பிப்ரவரி 2024

ஈரோட்டுக்காரர் எழுதுகிறார்: "பாதுகாப்பு என்றால் எதையாவது புதிதாக மாட்டுவது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்." சரிதான். இதில் நான் உங்கள் பக்கம். இந்த வண்டியில் நான் சாகப் பார்த்த ஒரே தடவை, ஒரிஜினலாகச் செய்திருக்க வேண்டியதைச் செய்யாததால்.

2014. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஹெரால்டின் பெருமையே அதுதானே, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், ஆட்டோக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தேன். படார் என்று ஒரு சத்தம், முன் இடது மூலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் ஃபெண்டருக்கு அடியில் படுத்திருக்கிறது, கால் மடங்கிய ஆட்டுக்குட்டி போல. அதற்கு முந்தைய நாள்தான் பாலக்காடு வரை போய் வந்திருந்தோம். அம்மா முன் இருக்கையில்.

உடைந்தது வெர்டிகல் லிங்க், முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் நெட்டுத் தண்டு. அதன் அடிமுனையில் மரை உண்டு, அந்த மரை டிரன்னியன் என்ற பித்தளை உறைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊட்ட வேண்டியது எண்ணெய், கெட்டியான கியர் எண்ணெய். கிரீஸ் அல்ல. டிரன்னியனில் ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி, எண்ணெய் நிரப்பிய துப்பாக்கியால் அடிக்க வேண்டும், 6,000 மைலுக்கு ஒருமுறை. நம் ஊரில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பது வழக்கம். கிரீஸ் மேலோடு நின்று காய்ந்து அடைத்துக்கொள்கிறது, மரைக்குள் தண்ணீர் இறங்குகிறது, இரும்பு அரிக்கிறது, ஒருநாள் ஒடிகிறது. ஒடிக்கும் வேலையைப் பெரும்பாலும் முழுத் திருப்பம்தான் செய்கிறது, அதனால் பலருக்கு மெதுவாகப் போகும்போதே ஒடிந்து உயிர் தப்பியிருக்கிறது.

எனக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருடமாக "கிரீஸ் அடிச்சாச்சு" என்று பில்லில் எழுதிக்கொடுத்தார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்திருந்தார்கள். அதுதான் பிரச்சினை.

10 பிப்ரவரி 2024

"முப்பது வருடமாக கிரீஸ்தான், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர். முப்பது வருடமாக ஒன்றும் ஆகாத பீடி தாத்தாக்களை எனக்கும் தெரியும். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, மரைக்கு மேல் ரப்பர் சீல் இருக்கிறதா, அந்த இடத்தில் துருக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

18 பிப்ரவரி 2024

பார்த்தாராம். பேசாமல் இருக்கிறார்.

இப்போது பின்பக்கம். இதை எழுதத்தான் பத்து நாளாகத் தயங்கினேன், ஏனென்றால் இதில் நானே இரண்டு முறை கட்சி மாறியிருக்கிறேன்.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் அம்பாசடர் போல ஒரே முழு அச்சில் இல்லை. இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் சேசிஸோடு பூட்டியிருக்கிறது. அதன்மேல் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங், பல பிளேட்டுகளை அடுக்கியது. இரண்டு பக்கமும் அரை அச்சு, ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரே மூட்டு. அரை அச்சு மேலும் கீழும் ஆடும்போது சக்கரமும் அதோடு சாய்கிறது. நேர் ரோட்டில் சுகம், குழியில் ஏறி இறங்கினால் அம்பாசடர்க்காரன் பொறாமைப்படுவான். வளைவில்தான் விஷயம். வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். எழும்பியதும் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி டயர் ஓரத்தில் நிற்கும். பிடி போய், வண்டி சுற்றும். அமெரிக்காவில் செவ்ரோலே கார்வேர் 1960-களில் பேர் கெட்டதும் இந்த மாதிரி அச்சால்தான். வோக்ஸ்வாகன் பீட்டிலிலும் வெகுநாள் இதே குடும்பம்.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது எனக்கு நடந்தது, 2016. ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். தூறல். பன்னிரண்டோ பதின்மூன்றோ, எதிரே பஸ் ஹாரன். காலை எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பின்பக்கம் என்னைக் கேட்காமல் இடது பக்கம் நடந்து போனது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். பஸ் டிரைவர் நிறுத்தி, ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பழைய வண்டிங்களா, பாத்துங்க" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே முடிவு செய்தேன்: பின் அச்சைத் தூக்கிவிட்டு முழு அச்சு வைப்பது. கெஸல் அச்சு. ஸ்டாண்டர்டு கெஸல், 1972-இல் அதே மெட்ராஸ் கம்பெனி ஹெரால்டையே முகமும் பின்புறமும் மாற்றி, அதே 948 சிசி இன்ஜினோடு விட்ட வண்டி. அதில் அவர்களே இந்தத் தொங்கும் அச்சைக் கைவிட்டு முழு அச்சுக்குப் போய்விட்டார்கள், இங்கே வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை என்பதால். பெற்ற தாயே திருத்தியதை நான் செய்தால் ஒரிஜினல் கெட்டது என்று எவன் சொல்வான்? இதுதான் என் அன்றைய வாதம். நல்ல வாதம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் செய்யவில்லை. ஏன் என்று நாளை.

19 பிப்ரவரி 2024

ஏன் என்றால் எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங்கின் பிளேட்டை எண்ணினார். மாமாவிடம் பழைய மேனுவல் இருந்தது. அதில் இருப்பதைவிட ஒன்று அதிகம்.

டாக்டர் காலத்திலோ மாமா காலத்திலோ யாரோ ஒரு பிளேட் சேர்த்திருக்கிறார்கள். காரணமும் புரிகிறது. குடும்பத்தோடு ஆறு பேர், டிக்கியில் மூட்டை, பழனிக்குப் போனால் பின்பக்கம் தரையைத் தொடும், சக்கரங்கள் கீழ்ப்பக்கம் அகன்று டயரின் உள்ஓரம் தேயும். ஸ்பிரிங் கடைக்காரர் ஒரு பிளேட் போட்டு நிமிர்த்திவிட்டார். ஆறு பேருக்கு அது சரி. தனியாளாக நான் ஓட்டும்போது பின்பக்கம் குதிரை மாதிரி எழும்பி நிற்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மேல்முனை அகன்று கீழ்முனை நெருங்கியிருக்கும். அதாவது நின்ற நிலையிலேயே பாதி மடங்கியாயிற்று. வால்பாறையில் மீதிப் பாதி.

அந்த ஒரு பிளேட்டை எடுத்தோம். மொத்தச் செலவு, கூலியும் டீயும். வண்டி ஒன்றரை அங்குலம் இறங்கியது. பிறகு அதே மலைக்கு அதே மழையில் போய் வந்தேன். அச்சு அதே அச்சுதான், குணம் முழுக்கப் போகாது, ஆனால் இப்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பின்பக்கம் நகர்கிறது.

நான் ஒரிஜினல் டிசைனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டியது நடுவில் வந்த ஒரு பிளேட்டை. எனவே ஈரோட்டுக்காரரே, "1969-இல் என்ன இருந்ததோ அது" என்ற உங்கள் விதியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் உங்கள் வண்டி 1969 நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வருடத் தார்ப்பாய்க்கு முன்னால் நாற்பத்தைந்து வருட ஸ்பிரிங் கடைகள் இருக்கின்றன.

20 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் டிசைனை ரொம்பவும் காப்பாற்றிவிட்டேன். மெக்கானிக்கல் படித்த ஒருவர் காதைத் திருகினார், நியாயமாகத்தான். டிசைனிலும் கோளாறு இருந்தது, இருந்ததால்தான் இங்கிலாந்திலும் விடாமல் திருத்தினார்கள். 1968-இல் ஹெரால்டின் அண்ணன் விடெஸ் மார்க் 2-க்குப் பின்னால் சக்கரச் சாய்வைக் கட்டுப்படுத்தும் கீழ்க்கரம் கொடுத்து ஜாதியையே மாற்றினார்கள். 1970-இல் அதே குடும்பத்து ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் அதைவிட மலிவான தந்திரம்: ஸ்பிரிங்கின் ஒரு பிளேட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி, மற்ற பிளேட்டுகளைத் தராசு போல ஆட விட்டார்கள். 1972-இல் மெட்ராஸில் முழு அச்சு. ஒரே நோய்க்கு மூன்று வைத்தியம், மூன்றும் ஒரே வம்சத்தில்.

இதில் நமக்கு ஏற்றது இரண்டாவது. சேசிஸைத் தொட வேண்டாம், போல்ட்டில் கழற்றி மாட்டுவது. ஆனால் பின்பக்கம் தளர்வதால் முன்பக்கத்து ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்க வேண்டும், அதையும் சேர்த்துத்தான் அந்தக் கம்பெனி செய்தது. பாதி மட்டும் செய்தால் வண்டி வளைவில் படகு மாதிரி சாயும். நான் இன்னும் வாங்கவில்லை. பார்சலும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இரண்டு முறை பக்கத்தை மூடினேன்.

இன்னொன்று, 4-ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். ரேடியல் தாராளமாகப் போடலாம் என்றேன். தொங்கும் அச்சில் டயர் எவ்வளவு அதிகம் பிடிக்கிறதோ அவ்வளவு பலமாகப் பின்பக்கத்தை எழுப்பும். மூன்றரை அங்குல ரிம்மில் அழகுக்காக அகல டயர் மாட்டுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். குறுகலான ரேடியல், சரியான காற்று, அவ்வளவு போதும்.

3 மார்ச் 2024

சட்டம் கேட்டார்கள். ஆர்வத்தில் ரம்பம் எடுக்கும் முன் படிக்க வேண்டியது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: ஆர்.சி.யில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக் கூடாது. சீட் பெல்ட், டயர், பல்பு இதற்குள் வராது என்பது என் அனுபவம், எஃப்.சி.க்குப் போன மூன்று தடவையும் யாரும் கேட்கவில்லை. இன்ஜின், சேசிஸ் என்றால் கதை வேறு.

அப்புறம் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி, மூல வடிவில், சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றமில்லாமல் இருந்தால் "விஏ" என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கெஸல் அச்சு வைக்க சேசிஸில் கை வைக்க வேண்டும், வைத்தால் இந்தக் கதவு மூடிவிடும். நான் அச்சைத் தொடாததற்கு இதுவும் ஒரு காரணம், பெரிய காரணம் அல்ல.

ஆனால் விஏ எண் வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுது, இதற்கெல்லாம் மட்டும். காய்கறிக்கு அனுமதி இல்லை. அதனால் எனக்கு வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. புதுப்பித்துக்கொண்டு சாதா வண்டியாகவே இருக்கட்டும்.

4 மார்ச் 2024

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு காவலர் நிறுத்தினார். "சீட் பெல்ட் எங்கே?" போட்டிருந்தேன், கறுப்புச் சட்டையில் கறுப்புப் பெல்ட் தெரியவில்லை. இழுத்துக் காட்டினேன். "இந்த வண்டிக்குக்கூட உண்டா!" என்றார். பெல்ட் பொருத்தி வந்த வண்டியில் அதை அணிய வேண்டும் என்பதுதான் விதி, 1968 வண்டி பெல்ட் இல்லாமல் வந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் போனை நீட்டி, "ஒரு போட்டோ எடுங்க" என்று பானெட்டில் சாய்ந்துவிட்டார்.

21 ஏப்ரல் 2024

பிரேக். மச்சான் டிஸ்க் கேட்கிறார்.

நான்கிலும் டிரம், முன்னால் எட்டு அங்குலம், பின்னால் ஏழு. 800 கிலோவை ஒட்டிய வண்டிக்கு ஊருக்குள் அது போதும், நன்றாக வைத்திருந்தால். நன்றாக என்றால், டிரம் ஓவல் ஆகாமல் கடைந்து, லைனிங் முழுப்பரப்பும் படும்படி உரசி, வீல் சிலிண்டர் கசியாமல், ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைக்காமல். என்னிடம் வந்து "ஹெரால்டு பிரேக் பிடிக்காது" என்று சொன்ன ஐந்து பேரில் நான்கு பேருக்கு ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டே செய்திருக்கவில்லை. மலையில் சூடேறி மங்குவது வேறு. அதற்கு மருந்து இரண்டாவது கியர். ஏறிய கியரில் இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது இதற்கும்தான்.

எனக்குத் தூக்கம் கெடுவது டிரம்மால் அல்ல, பெடலை மிதித்ததும் பிரேக் ஃப்ளூயிடைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரால். நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. எங்கே ஓர் ஓட்டை விழுந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டை வழி சிலிண்டர் மாட்டுவதுதான் என் கணக்கில் இந்த வண்டிக்குச் செய்யத்தக்க மிகப் பெரிய பாதுகாப்பு வேலை. வெளியில் பார்த்தால் தெரியாது, பானெட்டைத் திறந்தால் மட்டும் தெரியும். நம் பானெட்டைத் திறந்தால் பாதி வண்டியே கவிழ்ந்து முன்னால் போய்விடும் என்பது தனிக் கதை, எல்லாம் தெரியும்.

செய்துவிட்டேனா? இன்னும் இல்லை. சிலிண்டர் விட்டம் மாறினால் பெடல் மிதியும் மாறும், சரியானது கிடைக்கும்வரை எவனோ சொன்னான் என்று எதையாவது மாட்ட மாட்டேன். அதுவரை மாதம் ஒருமுறை ஃப்ளூயிட் அளவு பார்க்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன், ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடவுள் படத்தைத் துடைப்பது போல் துடைக்கிறேன்.

16 ஜூன் 2024

ஆல்டர்னேட்டர், அதாவது பழைய டைனமோவுக்குப் பதிலாக பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். போட்டுவிட்டேன், மாருதி 800-உடையது. டைனமோ சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் ஏற்றாது, விளக்கு மங்கும், மழையில் வைப்பர் கோயில் யானை மாதிரி அசையும். இப்போது விளக்கு பளிச்சென்று எரிகிறது, பின்னால் வருகிறவனுக்கு பிரேக் விளக்கு தெரிகிறது. பின்விளக்குக்குள் எல்இடி பல்பு, கண்ணாடி அதே பழைய கண்ணாடி. பாதுகாப்புக் கணக்கில் லாபம்தான்.

ஆனால் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை அலுமினிய உருண்டை கண்ணில் குத்துகிறது. பழைய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றி, மாமாவின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய வயரிங்கில் பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். மாற்றியபோது எதை எங்கே கழற்றினேன் என்று ஒரு நோட்டில் படம் வரைந்து அதோடு வைத்திருக்கிறேன். நாளை யாராவது திருப்பிப் போட நினைத்தால் என்னைத் திட்டக் கூடாது.

17 ஆகஸ்ட் 2025

ஒரு வருடம் ஆகிவிட்டது. ஈரோட்டு வண்டி ஓடுகிறதாம், டிரன்னியன் இரண்டும் புதிது. பெல்ட் மட்டும் இல்லை. கொள்கை.

புதிதாக ஒன்று. போன வாரம் ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் வாடை. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வியர்த்திருந்தது, விரல் வைத்தால் பிசுபிசுப்பு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. அடியில் சூடான எக்ஸாஸ்ட். எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றினேன், பம்ப் டயாஃப்ரமும் சேர்த்து. ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வாங்கி இருக்கைக்கு அடியில் கட்டினேன்.

இங்கே எவருடைய ஒரிஜினல் வாதமும் செல்லாது. பெட்ரோலே ஒரிஜினல் இல்லை.

24 ஆகஸ்ட் 2025

பேரக்குழந்தையை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். நான் ஏற்றுவதில்லை. குழந்தை இருக்கையைப் பூட்ட இந்த வண்டியில் நம்பத்தக்க இடம் இல்லை, நான் பூட்டிய போல்ட்டை நான் நம்புவது வேறு, அதில் ஒரு குழந்தையை வைப்பது வேறு. முன் இருக்கைக்குத் தலைச்சாய்வும் இல்லை, பின்னாலிருந்து யாராவது இடித்தால் என் கழுத்துக்கே வழி தெரியவில்லை. அதற்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அழகு கெடும் என்பதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஈரோட்டுக்காரர் சிரிக்கலாம்.

9 நவம்பர் 2025

அக்கா மகள் கல்யாணம். மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஹெரால்டில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். டிரன்னியனுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, ஹோஸ் எல்லாம் பார்த்து, வாழைத்தோரணம் கட்டி, வாசலில் நிறுத்தினேன். போட்டோக்காரர் பெல்ட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "மாமா, போட்டோவுக்கு மட்டும் அதை உள்ளே தள்ளிருங்க, ஒரிஜினலா இருக்கட்டும்" என்றாள் மணப்பெண். தள்ளினேன். நாற்பது படம் எடுத்தார்கள்.

மாப்பிள்ளையைத் தோழிகளோடு பின்னால் ஏற்றிவிட்டு, அவளை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். முகூர்த்தப் பட்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சேலை கசங்குது மாமா என்றாள். பதினோரு கிலோமீட்டர், நாற்பதைத் தாண்டவில்லை. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஈரோட்டுக்காரரும் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வண்டிக்கு அடியில் குனிந்து பிளேட்டை எண்ணிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பெல்ட்டின் போல்ட் என்ன அளவு என்று கேட்டார். பதினாறில் ஏழு அங்குலம், யுஎன்எஃப் மரை.